மாத்திரை போடக்கூடாத நேரம்

எங்கள் கம்பெனி லைனில் நெஞ்சுக்குள் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ். இறுக்கிப் பிடித்தாலும் கேஸ், எரிந்தாலும் கேஸ், மூச்சு வாங்கினாலும் கேஸ். ஆண்களுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வரும், பெண்களுக்கு வலித்தால் ஓமத் தண்ணீர் வரும். நானும் மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்தேன். கேன்டீன் மாடிப்படி ஏறும்போது மட்டும் வருகிற கேஸ், ஏறி முடித்து நின்றதும் போய்விடுகிற கேஸ், தாடை வரைக்கும் ஏறுகிற கேஸ் உலகத்தில் உண்டா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு வயரிங் கம்பெனியில் வேலை செய்கிறேன். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் வேலை. ஆள் உயரப் போர்டு முன்னால் நின்று வயரை எடுக்க வேண்டும், கிளிப்பில் மாட்ட வேண்டும், டேப் சுற்றி அடுத்தவளிடம் தள்ள வேண்டும். லைனில் நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான். இது பின்னால் தேவைப்படும், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

வீடு பென்னலூரில். கணவர் பெயர் இருதயராஜ். பெயரை அவருக்கு வைத்துவிட்டு வியாதியை எனக்குக் கொடுத்துவிட்டார் ஆண்டவர் என்று எங்கள் பங்குச் சாமியாரிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். இருதயராஜ் கண்ணாடி செய்யும் ஃபேக்டரியில் இருக்கிறார். அங்கே உலையை அணைக்கவே மாட்டார்கள், அதனால் ஷிப்டும் நிற்காது. எனக்குக் காலை ஏ ஷிப்ட் என்றால் அவருக்கு மதியம் பி, எனக்கு பி என்றால் அவருக்கு ராத்திரி சி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்போம். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்தப் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன, இதில் எங்களுக்குத் தனியாக வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

கேஸ் இல்லை என்று முதலில் சொன்னது டாக்டர் அல்ல, முத்துலட்சுமி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டல் அறையில் தங்கி வேலை செய்கிறவள், லைனில் எனக்கு அடுத்த போர்டு. ஒரு நாள் மாடிப்படி நடுவில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அவள் அப்பாவும் இப்படித்தான் படியில் நின்று நின்று ஏறினாராம். அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டிஸ்பென்சரியில் எடுத்த ஈசிஜி நன்றாகவே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தாடை வலித்தது, பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த வராண்டாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நம் பெயரைக் கூப்பிடாதவரைக்கும் எரிச்சலாக இருக்கும், கூப்பிட்டதும் கால் எழாது. பிறகு மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். அதற்குப் பெயர் ஆஞ்சியோகிராம். வலி பெரிதாக இல்லை. பக்கத்துத் திரையில் என் நெஞ்சு துடிப்பதை நானே பார்த்தேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆஞ்சைனா என்றார்கள். இதயமும் ஒரு தசைதான், அதற்கும் ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கிப்போனால், நாம் சும்மா இருக்கும்போது சமாளித்துக்கொள்ளும். படி ஏறினாலோ கோபப்பட்டாலோ ரத்தம் போதாமல் வலிக்கும். ஹார்ட் அட்டாக் என்றால் குழாய் அடைத்தே போவது. இது அடைக்காமல் நெருக்குவது. எனக்குப் புரிந்த அளவு இவ்வளவுதான், வாழ்ந்து முடிக்க இது போதும் என்று நினைக்கிறேன்.

ஸ்டென்ட் வைப்பார்கள், நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பார்த்த பெரிய டாக்டர் ஒரு பெண். அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர்கள் நின்றுகொண்டு பேசினால் நல்ல செய்தி.

"ஒரு இடத்துல மட்டும் அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வெச்சிடலாம்மா. உங்களுக்குக் குழாய் நெடுகவே மெல்லிசா போயிருக்கு. சுகர் ரொம்ப நாளா இருக்கறவங்களுக்கு இப்படி ஆகும். பைபாஸ் பண்ணலாம்னா, கொண்டுபோய்த் தைக்க ஒரு நல்ல இடம் வேணும், அதுவும் இல்ல. மாத்திரைதான் உங்களுக்கு வழி."

வராண்டாவில் நின்றிருந்த இருதயராஜிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆபரேஷன் கிடையாது, கத்தி கிடையாது, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கப்போகிறேன் என்றார். மாத்திரையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்பதுதான் டாக்டர் சொன்னது என்று அந்த மனுஷனிடம் எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது மாத்திரை விஷயம். எனக்குக் கொடுத்ததில் முக்கியமானவை இரண்டு, இரண்டும் நைட்ரேட் என்ற ஒரே வகை மருந்து. ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும், இதயத்தின் பாரம் குறையும். ஒன்று விழுங்குவது, மெதுவாக வேலை செய்து வலி வராமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று வலி வந்தபிறகு நாக்குக்கு அடியில் வைப்பது. அதை விழுங்கவோ மெல்லவோ கூடாது, தானாகக் கரைய வேண்டும். நெஞ்சு நோயாளிகள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு நர்ஸ் வகுப்பு எடுத்தார். முதலில் உட்காருங்கள், உட்கார்ந்த பிறகுதான் நாக்கடியில் வைக்க வேண்டும், ஏனென்றால் பிரஷர் சட்டென்று இறங்கும், நின்றால் விழுந்துவிடுவீர்கள் என்றார். ஐந்து நிமிஷத்தில் வலி குறையாவிட்டால் 108-க்குக் கூப்பிட்டுவிட்டு இரண்டாவது வைக்க வேண்டும், அதற்கும் ஐந்து நிமிஷம் பார்த்து மூன்றாவது, அதோடு சரி. சூடும் ஈரமும் படாமல், அதன் அட்டையிலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, ஆண்களுக்கான வீரிய மாத்திரை போடுகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அதுவும் இதுவும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்றார். அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன டாக்டர் ஒருவர், விழுங்கும் மாத்திரையைக் காலையில் எழுந்ததும் ஒன்று, மதியம் மூன்று மணிவாக்கில் ஒன்று, ராத்திரி இது வேண்டவே வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், அவரும் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

இதை நான் வீட்டில் சொன்னபோது இருதயராஜ் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ராத்திரிக்கு மட்டும் இன்னா, நெஞ்சு லீவு போட்டுட்டு போயிடுமா? ஈஎஸ்ஐல மிச்சம் புடிக்கிறானுங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் யார் கடைசியாகக் கிளம்புகிறார்களோ அவர்கள் மற்றவருக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போவது வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சண்டை போட்டிருந்தால் அப்பளம் இருக்காது, சமாதானமாக வேண்டும் என்றால் முட்டை இருக்கும். நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்தத் தட்டில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தத் தட்டின் மேல் ஊறுகாய் பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றும் வந்து சேர்ந்தது. ராத்திரி நான் போட வேண்டிய மாத்திரைகளை இருதயராஜ் அட்டையிலிருந்து பிரித்து அதற்குள் போட்டு வைப்பார். கொழுப்புக்கு, சுகருக்கு, ரத்தம் உறையாமலிருக்க என்று நாலைந்து. எனக்கோ மாத்திரையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். டிஸ்பென்சரியில் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பார்கள், போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் ரோஸ் கலரில் வரும். அவர் பிரித்து வைக்கிறார், நான் விழுங்குகிறேன், அதற்குமேல் நான் கணக்குப் பார்க்கவில்லை.

முதல் சில வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூளையின் ரத்தக் குழாயும் சேர்ந்து தளர்வதால் அப்படி வரும், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நெஞ்சு நெஞ்சாக இருந்தது. கேன்டீன் படியை நிற்காமல் ஏறினேன். முத்துலட்சுமி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைவலியும் போயிற்று. உடம்புக்கு மருந்து ஒத்துப்போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வஞ்சிரம் வாங்கி வந்தார், பூசைக்குப் போன புடவையோடே நின்று பொரித்தேன்.

அதற்கப்புறம் வலி திரும்பி வந்தது. முதலில் படியில், பிறகு சமதரையில் நடக்கும்போது, பிறகு தலை சீவக் கையைத் தூக்கினாலே. ஓபியில் வேறொரு டாக்டர் இருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றார். ஒரு வேளை தவறவில்லை என்றேன். அளவைக் கூட்டிக் கொடுத்தார். கூட்டியும் நிற்கவில்லை. நாக்கடி மாத்திரை வைத்தாலும் முன்போல் கேட்கவில்லை, வைத்துவிட்டு அது கரைந்து போனபிறகும் வலி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் இதை எழுத ஆரம்பித்தேன், ஆனால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாத்திரைதான் வழி என்று சொன்னார்கள். அந்த வழியும் அடைபட்டுக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால், வேலைக்குப் போனால்தான் ஈஎஸ்ஐ, ஈஎஸ்ஐ இருந்தால்தான் வைத்தியம், வைத்தியம் வேண்டியிருப்பதே வேலைக்குப் போய் நிற்பதால்தான். யாரிடம் போய் இதைச் சொல்வது? கோயிலில் முழங்கால் போட்டால் வலிக்கிறது என்று உட்கார்ந்தே ஜெபம் சொன்னேன், அதிலும் பாதி சண்டைதான். மகள் போனில் பேசும்போது குரலைத் தெளிவாக வைத்துக்கொள்வேன். போனை வைத்த பிறகு, இன்னும் எத்தனை தடவை இந்தக் குரலைக் கேட்பேனோ என்று அழுவேன். பீரோவில் எது எங்கே இருக்கிறது என்று இருதயராஜிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் யூனிபார்ம் கோட்டில் பாக்கெட் கிடையாது. உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகவே அப்படித் தைத்திருக்கிறார்கள். கைப்பையும் போனும் லாக்கரில். கழுத்தில் உத்தரியம் போட்டிருப்பேன், கயிற்றில் கோத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, மாதா படம் வைத்தது. அதன் பின்பக்கம் ஒரு துணி வைத்துத் தைத்து, நாக்கடி மாத்திரைகளை அதற்குள் செருகியிருந்தேன். மாதா காப்பாற்றுவாள், மாத்திரையும் கையில் இருக்கும் என்பது என் புத்திசாலித்தனம். வேர்வையில் அது நாளெல்லாம் ஊறியது.

விழுந்த அன்று பி ஷிப்ட். டீ பிரேக் முடிந்து லைன் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்கும் தாடைக்கும் நடுவில் பிடித்தது. உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கே உட்காருவது? மாற்று ஆள் வராமல் போர்டை விட்டு நகர்ந்தால் லைன் நிற்கும், லைன் நின்றால் மேலே விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் ஓடி வருவார். நின்றபடியே உத்தரியத்திலிருந்து மாத்திரையை எடுத்தேன். ஒன்று வைத்தால் கேட்பதில்லையே என்று இரண்டை ஒன்றாக வைத்தேன். ஐந்து நிமிஷமெல்லாம் பார்க்கவில்லை, இன்னொன்றையும் வைத்தேன். கிளிப்புகள் மங்கலாகத் தெரிந்தன. டேப்பைப் பிடித்த கை யாருடையதோ போல இருந்தது. போர்டின் இரும்பு விளிம்பு என் நெற்றியை நோக்கி வந்தது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். முத்துலட்சுமி என் இரண்டு காலையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் காதுக்குள் போனது. சூப்பர்வைசர் தலைக்கு மேலே நின்று, சாப்பிடாமல் வந்திருப்பார்கள், கேஸாக இருக்கும் என்றார்.

"கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல சார். நெஞ்சு நோவு. ஆம்புலன்ஸக் கூப்புடுதியளா, இல்ல லைன் இப்படியே நிக்கட்டுமா?"

அவள் கேட்டதற்காக அல்ல, அவள் ஏற்கெனவே லைனை நிறுத்திவிட்டிருந்ததால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது.

அவசரப் பிரிவில் கையைப் பிடித்தால் நாடி தெரியவில்லை என்று பேசிக்கொண்டது கேட்டது. காலை உயர்த்தி, ஊசி வழியாக சலைன் ஏற்றினார்கள். நெற்றியைத் தைத்தார்கள். அட்டாக் இல்லை என்று ரத்தம் சோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை ஐசியுவில் வைத்தார்கள். தலைக்கு மேலே என் துடிப்பு பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். செத்துப்போவேன் என்று முழுதாக நம்பினேன். பயத்தைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஒரு வேளை தவறாமல் போட்டேனே, சொன்னதையெல்லாம் கேட்டேனே, இன்னும் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் அந்தப் பெரிய டாக்டர் வந்தார். இருதயராஜ் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு, கழுத்தில் ஐடி கார்டோடு கதவோரம் நின்றார். டாக்டர் இந்தத் தடவை உட்காரவில்லை, என் மாத்திரைப் பையைக் கொட்டிக் கிளறினார். நாக்கடி மாத்திரையை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார், காட்டினேன். உடம்புச் சூட்டிலும் வேர்வையிலும் கெட்டுப்போகும், இனி அங்கே வேண்டாம் என்றார். நின்றுகொண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்ததால்தான் விழுந்தேன் என்றார். அது எனக்கே தெரியும்.

"ஆனா மருந்து கேக்காம போனது ஏன்னுதான் புரியல. விழுங்கற மாத்திரை நாளைக்கு எத்தனை போடறீங்க?"

"ரெண்டு," என்றேன்.

"மூணு," என்றார் கதவோரம் நின்றவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை, ஐடி கார்டைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி சோத்தோட ஒண்ணு வெச்சிடுவேன் டாக்டர். வெளிய மெடிக்கல்ல வாங்கி. அது கிட்ட சொல்லல, சொன்னா போடாது. நான் நைட்டு போயிடறேன், போன் லாக்கர்ல கீது. அது வூட்டுல தனியா படுத்துகினு கெடக்குது. மாத்திரையாவது கூட இருக்கட்டும்னு வெச்சேன்."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இருதயராஜை உள்ளே கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். இந்த மருந்து இருபத்துநாலு மணி நேரமும் உடம்பில் இருந்துகொண்டே இருந்தால் ரத்தக் குழாய் அதற்குப் பழகிவிடும். பழகிவிட்டால் அப்புறம் அது சொன்னபடி தளராது. எவ்வளவு கூட்டினாலும் கேட்காது, நாக்கடி மாத்திரையும் சேர்ந்து வலு இழக்கும். தினமும் சில மணி நேரம் அந்த மருந்தே இல்லாமல் இருந்தால்தான் மறுநாள் அது வேலை செய்யும். தலைவலி போனதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, பலருக்கும் அது தானாகவே போகும், ஆனால் வலி திரும்பியபோதே மாத்திரைகளையெல்லாம் கொட்டி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், ஓபியில் அதை யாரும் செய்யவில்லை என்றார்.

"அந்த வெறும் நேரத்த நாங்க மறந்து விடலங்க. வேணும்னேதான் விட்டோம். ஏன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

இரண்டு நாள் நான் இருதயராஜோடு பேசவில்லை. பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. என்னை எமனிடம் அனுப்பப் பார்த்தது இந்த மனுஷனின் அன்பு. அதை எந்தக் கணக்கில் வைப்பது? அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். குடித்திருந்தால் வெளியே தள்ளியிருப்பேன். முட்டை வைக்கிற அதே கையால் வைத்தானே.

மூன்றாவது மாத்திரையை எடுத்தார்கள், கூட்டிய அளவையும் பழையபடி குறைத்தார்கள். ராத்திரி அந்த வெறும் நேரத்துக்குத் துணையாக வேறு வகை மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். ஆனாலும் பழகிய உடம்பு சும்மா விடாது, மருந்து இல்லாத நேரத்தில் முதல் சில நாள் வலி கூடுதலாக வரலாம், அதனால்தான் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே வந்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கினால், என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றும். ஒரு மாத்திரை கொடுங்கள், அரை மாத்திரையாவது கொடுங்கள் என்று நர்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன். அவர் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, நாக்கடி மாத்திரை ஒன்றை மட்டும் வைத்து, ஈசிஜி எடுத்து, வலி இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். இப்படி எத்தனை நாளைக்கு, இதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது. மகளுக்குப் பரீட்சை, சொல்லவே இல்லை. முத்துலட்சுமிதான் ஷிப்ட் முடிந்து வந்து என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். நான் புரண்டால் போதும், எழுந்துவிடுவாள்.

"எக்கா, நோவுதா? வாய்விட்டுச் சொல்லுங்க. பல்லக் கடிச்சிட்டு கெடக்காதிய. எங்கப்பா அப்படித்தான் கெடந்தாவ."

அவளிடம்தான் கேட்டேன், இருதயராஜ் எங்கே என்று. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார், லீவு போட்டுவிட்டு வந்து எல்லா ராத்திரியும் அங்கேதான் இருக்கிறார், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்றாள்.

ஒரு சாயங்காலம் வலி வரவில்லை. வரும் வரும் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன், வராமலேயே சாப்பாடு வந்துவிட்டது. அடுத்த நாள் வந்தது, ஆனால் ஒரு நாக்கடி மாத்திரையில் போய்விட்டது. முன்போல, வைத்த கொஞ்ச நேரத்தில் நாக்கில் சுரீர் என்று தெரிந்து, தலை கனத்து, நெஞ்சு விட்டுக்கொடுத்தது. அந்தத் தலைவலி திரும்பி வந்ததற்குச் சந்தோஷத்தில் அழுதேன். மருந்து என் பேச்சைக் கேட்கிறது என்று நர்ஸிடம் சொன்னேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வேலைக்குத் திரும்பியாகிவிட்டது. உட்கார்ந்து செய்கிற செக்கிங் வேலைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் அலையவிட்டுத்தான் ஸ்டூல் கொடுத்தார்கள். நாக்கடி மாத்திரை அட்டையோடு மேஜை டிராயரில் இருக்கிறது, எதற்கு, எப்படி என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் குழாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. இனியும் மாத்திரைதான் வழி.

இருதயராஜ் இனி இரவு ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். உலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லீவும் முடிந்தது. முதல் நாள் அவர் சி ஷிப்டுக்குப் போனபோது நான் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பேசிக்கொண்டோம்தான், ஆனால் தண்ணீர் வேண்டுமா, டாக்டர் வந்தாரா என்ற அளவில்தான்.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். தட்டு மூடியிருந்தது. ஊறுகாய் மூடி மேலே இல்லை. கோபித்துக்கொண்டாரா, இனி நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டாரா என்று ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பே எனக்கு ஆகாது என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ராத்திரி மாத்திரைகள் தனியாக, பிரிக்காத அட்டைகளாகவே ஒரு கிண்ணத்தில் இருந்தன. எது என்ன என்று நானே பார்த்துப் போடுவதற்கு. ராத்திரி போடக்கூடாத அந்த அட்டை அதில் இல்லை.

தட்டைத் திறந்தேன். சோற்றுக்குப் பக்கத்தில் முட்டை, அதற்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மூடி. மல்லாத்தி வைத்திருந்தார். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார். அதற்குள் ஒன்றும் இல்லை.

நான் தனியாகப் படுத்திருப்பேன் என்று தெரிந்தும், போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உலை முன்னால் நிற்கப்போகிற மனுஷன், எனக்கென்று அதில் ஒன்றும் போடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படி வெறுமையாக வைக்க அவர் மனசு எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மூடியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டையை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன்.